தவிடு போன குதிரைவாலி: மதுரைக் கடைகளில் நான் வாங்கிப் பார்த்த சிறுதானியங்கள்

எங்கள் சமையல்கட்டு மேடையில் இப்போது இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருக்கின்றன. இரண்டிலும் குதிரைவாலி அரிசிதான். ஒன்றில் இருப்பது ரவையைப் போல வெள்ளை வெளேர் என்று இருக்கும். உள்ளங்கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மற்றது மங்கின சாம்பல் நிறம், அங்கங்கே பழுப்பு. அள்ளிக் கொட்டினால் விரலிடுக்கில் லேசாக மாவு ஒட்டும். வெள்ளை அரிசி, ஏசி போட்ட ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அரைக் கிலோ 85 ரூபாய்க்கு வாங்கியது. பழுப்பு, கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய தானியக் கடையில் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கியது. ஆறு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்துவிட்டேன். வெள்ளையை இனி வாங்க மாட்டேன்.

கடைப் பெயரோ கம்பெனிப் பெயரோ இதில் எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் பாக்கெட் கார்த்திகையில் ஒரு மாதிரியும் தையில் வேறு மாதிரியும் வந்தது. பெயரை நம்பி வாங்கினால் ஏமாந்து போவோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் எந்தக் கடையிலும் உதவும்.

என் வீட்டுக்காரருக்குப் போன ஆடி மாதம் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதம் என்று வந்தது. டாக்டர் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார், சிறுதானியம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது புதுசில்லை. நான் பிறந்தது பேரையூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். புரட்டாசி மழைக்கு விதைத்து, மார்கழி கடைசியில் அறுத்து, களத்தில் குதிரைவாலியைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள். தே.கல்லுப்பட்டி, சேடபட்டி, பேரையூர் வட்டாரம் முழுக்க மானாவாரியில் குதிரைவாலி போடுவார்கள், இன்றைக்கும் போடுகிறார்கள். யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து 'மதுரை 1' என்றே ஒரு குதிரைவாலி ரகம் வந்திருக்கிறது. அதனால் டாக்டர் சொன்னதும், இது நம்ம ஊர்ச் சாப்பாடுதானே, இதில் என்ன யோசனை என்று சந்தோஷமாகப் போய் வாங்கி வந்தேன்.

வந்தது அந்த வெள்ளை அரிசி. ஊறவைக்கவே தேவையில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. குக்கரில் இரண்டு விசில், பூப்போல வெந்துவிட்டது. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, 'அரிசிச் சோறு மாதிரியே இருக்கு' என்றார் அவர். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் குத்திப் பார்த்தோம். 236. அதற்கு முந்தின நாள் பொன்னி அரிசிச் சோற்றுக்கு 241. இரண்டும் ஒரே கிண்ண அளவுதான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பத்தா எழுபது வயதிலும் களையெடுக்கப் போனவள், அவள் சாப்பிட்டதும் இதே குதிரைவாலிதானே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் அந்த அரிசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்பத்தா குத்திய அரிசி இந்த நிறத்தில் இருந்ததே கிடையாது.

சிறுதானியத்தில் இரண்டு வகை உண்டு. கம்பு, கேப்பை (கேழ்வரகு), சோளம் மூன்றும் தனி உமி இல்லாதவை. கதிரடித்துத் தூற்றினால் அப்படியே அரைக்கலாம், சமைக்கலாம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் நெல்லைப் போல உமி உண்டு. அதை நீக்கியே ஆக வேண்டும். வரகுக்கு ஏழு தோல் என்று ஊரில் சொல்வார்கள், அவ்வளவு கடினம். உமி போனதும் அடியில் தவிடு, அதோடு ஒட்டின முளைப்பகுதி. நார்ச்சத்து, எண்ணெய்ச்சத்து, பி வைட்டமின், இரும்பு எல்லாம் பெரும்பாலும் அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கின்றன. அப்பத்தா உரலில் குத்திச் சொளகில் புடைத்தபோது உமி பறக்கும், தவிட்டில் பெரும்பகுதி அரிசியிலேயே நிற்கும். இப்போது மில்லில் உமி நீக்கியதோடு விடாமல் பாலிஷும் போட்டுவிடுகிறார்கள். பிறகு அதற்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகிறது. பொன்னி அரிசியின் தவிட்டை எடுத்ததால்தானே அதை விட்டு இதற்கு வந்தோம்? இதன் தவிட்டையும் எடுத்துவிட்டு இரண்டு மடங்கு விலையும் வாங்கினால் என்ன நியாயம்?

எண்ணாகவும் சொல்கிறேன். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 2.8 கிராம். சாமையில் 7.7, வரகில் 6.4, கம்பிலும் கேப்பையிலும் 11க்கு மேல். மாவுச்சத்து வெள்ளை அரிசியில் 78 கிராம், கேப்பையில் 67, கம்பில் 62. இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். மாவுச்சத்து கொஞ்சம்தான் குறைகிறது. நார்ச்சத்துதான் பல மடங்கு கூடுகிறது. கலோரியிலும் பெரிய மாற்றம் இல்லை. அப்படியென்றால் சிறுதானியத்தின் பெருமையே நார்ச்சத்தில்தான் இருக்கிறது, அதைத் தீட்டி எடுத்துவிட்டால் மிச்சம் மாவுதான். 'சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்று சொல்லிச் சொல்லியே தட்டு நிறைய வைத்துச் சாப்பிட வைக்கிறார்கள். ஏறும். அளவோடு, தவிட்டோடு, காய்கறியோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும்.

அப்புறம்தான் கீழமாசி வீதிக்குப் போனேன். அந்தக் கடையில் கண்ணாடி அலமாரி எதுவும் கிடையாது. வாய் திறந்த சாக்குகளும் ஒரு தராசும்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் "தீட்டாத குதிரைவாலி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "அது நிறம் நல்லா இருக்காதேம்மா, எல்லாரும் வெள்ளையாத்தானே கேக்குறாங்க" என்றார். "நிறம் வேண்டாம், தவிடு வேணும்" என்றேன். உள்ளே போய் ஒரு கைப்பிடி கொண்டுவந்து காட்டினார். முகர்ந்து பார்த்ததும் எங்கள் வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையைத் திறந்த வாசம். ஒரு கிலோ போடச் சொன்னேன்.

இரண்டு அரிசியையும் வித்தியாசம் காண வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். ஒரு கறுப்புத் தட்டில் இரண்டையும் தனித்தனியாகப் பரப்புங்கள். தீட்டின அரிசி எல்லாம் ஒரே நிறம், ஒரே உருண்டை, மினுமினுப்பு. தீட்டாததில் ஒவ்வொரு மணியும் வெவ்வேறு சாயல், ஒரு முனையில் முளையிருக்கும் இடம் சின்னப் புள்ளியாகத் தெரியும். அப்புறம் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். வெள்ளை அரிசியின் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். மற்றதில் தண்ணீர் மங்கலான வைக்கோல் நிறமாகி, மேலே தவிட்டுத் துணுக்குகள் மிதக்கும். நான் வாங்கிய வெள்ளைப் பாக்கெட், பழுப்புப் பாக்கெட் (இது வேறொரு கடையில் பாக்கெட்டாக வாங்கியது) இரண்டின் முதுகிலும் நார்ச்சத்து என்று ஒரே எண்ணை அச்சடித்திருந்தார்கள். தவிட்டை எடுத்த அரிசியிலும் எடுக்காத அரிசியிலும் நார்ச்சத்து எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். உள்ளே தெரியும்படி கண்ணாடித் தாள் இல்லாத பாக்கெட்டை வாங்குவதே இல்லை.

தீட்டாததைச் சமைக்கப் பொறுமை வேண்டும். ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், சிறு தீ, அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் மூடியே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் நறநறக்கும். வெந்தபின் சோறு பொலபொலவென்று இருக்காது, லேசாகச் சேர்ந்திருக்கும். அதற்குச் சுண்டைக்காய் வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும் அப்படிப் பொருந்தும். தயிர் ஊற்றிப் பிசைந்தால் இன்னும் ருசி. ஆனால் ஆறினால் இறுகும், அதனால் மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கிறவர்கள் ஒரு கரண்டி வெந்நீர் கூடுதலாக விட்டு வடித்துக்கொள்ளுங்கள்.

இதே அளவுச் சோற்றுக்கு, கூடவே ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலும் வைத்துச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 184, 191, 178, 188. நான்கு நாள் பார்த்த அளவு. பொரியலும் சேர்ந்ததால் எல்லாப் புகழும் குதிரைவாலிக்கே என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் உடம்பு, ஒரு வீட்டு மீட்டர், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் நீங்கள்தான் குத்திப் பார்க்க வேண்டும். மாத்திரையை யாரும் தானாகக் குறைத்துவிடாதீர்கள், அவர் மாத்திரை அப்படியேதான் இருக்கிறது.

கீழமாசி வீதி அரிசியிலும் குறை இருந்தது. கல். முதல் கிலோவில் ஒரு வாய்க்கு ஒரு கல் வீதம் கடிபட்டது. குதிரைவாலி அளவிலேயே மணல் இருந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பழைய முறைக்குத்தான் போனேன். அகலமான இரண்டு பாத்திரம் எடுத்து, ஒன்றில் அரிசியைப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, கையால் சுழற்றிவிட்டு, மேலே மிதந்து எழும் அரிசியை மட்டும் தண்ணீரோடு மற்றதில் ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஏழெட்டு முறை. கடைசியில் முதல் பாத்திரத்தின் அடியில் ஒரு தேக்கரண்டி கறுப்பு மணல் தங்கும். கரிசல் களத்தில் அடித்த தானியம் என்றால் அது இருக்கத்தான் செய்யும். அரிக்கத் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதல் வாயிலேயே வெறுத்துவிடுவார்கள். அண்ணாச்சியிடம் அந்த மணலை ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, கல் நீக்கும் இயந்திரத்தில் ஓட்டின அரிசி வந்திருப்பதாகச் சொன்னார். கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல். அதைத்தான் இப்போது வாங்குகிறேன். அரித்தால் ஒன்றிரண்டு கல்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பர் 1 முதல் 15 வகைச் சிறுதானியங்களுக்குத் தர அளவு கொண்டுவந்திருக்கிறது. ஈரப்பதம், தூசி மண் போன்ற வேற்றுப் பொருள், வண்டு அரித்த மணி, முதிராத சுருங்கின மணி எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது, கேளுங்கள்.

இனி கேப்பை. இதில் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் என் மகளுக்குப் பத்து மாதக் குழந்தை. கேப்பையில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. வெள்ளை அரிசியில் 7.5தான். பாலிலேயே 100 மில்லிக்கு 120க்குப் பக்கம்தான். ஆனால் பத்து மாதப் பிள்ளை 100 கிராம் மாவா சாப்பிடும்? ஒரு வேளைக்கு 20, 30 கிராம் மாவு போனால் பெரிசு. அந்தக் கொஞ்சமும் உடம்பில் ஒட்ட வேண்டும் என்றால் முளைகட்டியதாக இருக்க வேண்டும். தானியத்தின் மேல்தோலில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அது குறையும்.

முளைகட்டிய கேப்பை மாவு என்று மூன்று பாக்கெட் வாங்கினேன். அதில் ஒன்று 200 கிராம் 140 ரூபாய், குழந்தைப் படம் போட்டது. மூன்றையும் ஒரே அளவு மாவு, ஒரே அளவு தண்ணீரில் காய்ச்சினேன். முளைகட்டிய மாவுக்கு ஒரு குணம் உண்டு: முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி தானியத்திலேயே உண்டாகும், அதனால் கஞ்சி சட்டென்று கெட்டிப்படாமல் இளக்கமாக நிற்கும். குழந்தைக்கு அதுதான் வசதி. தண்ணீரைக் கூட்டாமல் மாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாலும் விழுங்க முடியும். மூன்றில் ஒன்று அப்படி இளகி வந்தது. இரண்டாவது நடுத்தரம். அந்த 140 ரூபாய் மாவு சாதாரண கேப்பை மாவு மாதிரியே களியாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டது. அதிகம் வறுத்துவிட்டாலும் அந்த நொதி செத்துப்போய் இப்படி ஆகும், அதனால் முளைகட்டவே இல்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்த விலைக்கு அது தகாது. உள்ளிருந்த பொருள் பட்டியலில் பால் பவுடரும் சர்க்கரையும் வேறு. பத்து மாதப் பிள்ளைக்குச் சர்க்கரை எதற்கு?

இப்போது நானே செய்கிறேன். உழவர் சந்தைக்கு வெளியே ஒரு அம்மா கேப்பை கொண்டுவருவார், கிலோ 50 ரூபாய். நம்ம அண்ணா நகர் உழவர் சந்தைதான் தமிழ்நாட்டிலேயே முதலாவது, 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தது. அந்தப் பக்கம் போனால் காய்கறியோடு தானியமும் வாங்கி வந்துவிடுவேன். கேப்பையை ஐந்தாறு தண்ணீர் கழுவ வேண்டும். கடைசித் தண்ணீர் தெளியும்வரை விடக்கூடாது, செம்மண் அப்படி ஒட்டியிருக்கும். ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து வேட்டித் துணியில் இறுக்கமில்லாமல் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் மறுநாள் வெள்ளை நூல் போல முளை எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் விட்டால் ஒருவகைக் கசப்பு வரும். நிழலில் காயவைத்து, வாசம் வரும்வரை மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்துச் சலிக்கிறேன். பேரனுக்கு மட்டும் மெல்லிய துணியில் சலிப்பு. எங்களுக்குச் சலிக்காத மாவு.

மில் பற்றியும் சொல்ல வேண்டும். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மாவு மில் இருக்கிறது. கிலோவுக்கு 10 ரூபாய் அரவைக்கூலி. வெள்ளனவே போனால் நமக்கு முன்னால் யாராவது மிளகாய்த்தூள் அரைத்திருப்பார்கள், முதல் கால் கிலோ மாவு காரமாக வரும். அதனால் கோதுமை அரைத்தவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் அதுவும் கூடாது. சிறுதானியத்தில் குளூட்டன் கிடையாது என்றாலும் அதே கல்லில் அரைத்தால் கலந்துவிடும். அவர்கள் வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வதே நல்லது.

அந்த மில்லில் கற்றுக்கொண்டது கம்பு விஷயம். பாக்கெட்டில் விற்கும் கம்பு மாவை வாங்காதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்பில் எண்ணெய்ச்சத்து 5 கிராமுக்கு மேல், வேறு பல தானியங்களைவிட அதிகம். அரைத்த உடனே அந்த எண்ணெய் சிதையத் தொடங்கும். வாரம் பத்து நாளில் கசந்துவிடும். நான் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டில் அரைத்த தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது, காலாவதித் தேதி இன்னும் நாலு மாதம் பாக்கி என்று போட்டிருந்தது. பிரித்ததும் பழைய எண்ணெய்ச் சட்டி வாடை. அடை தட்டிப் பார்த்தேன், நாக்கின் பின்பக்கம் கசப்பு நின்றுகொண்டே இருந்தது. கொட்டிவிட்டேன். கம்பை முழுசாக வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கெடாது. வேண்டும்போது அரைக் கிலோ அரைத்துக்கொள்ளுங்கள்.

கம்பில் இரும்பு 6.4 மில்லிகிராம். கேப்பையைவிட அதிகம். ஆனால் இதுவும் சும்மா உடம்பில் சேராது, புளிப்பு வேண்டும். வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் வாங்கினால் கூடவே மாங்காய்க் கீற்றும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுக்கிறார்கள் அல்லவா? மாங்காயில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பை இழுத்துக் கொடுக்கும். முந்தின நாள் கரைத்துப் புளித்த கூழ் என்பதால் பைட்டேட்டும் குறைந்திருக்கும். யார் கண்டுபிடித்த சேர்மானமோ, கைகூப்பிக் கும்பிடலாம். கூழ் குடித்த கையோடு டீ மட்டும் குடிக்காதீர்கள், அது இரும்பைத் தடுத்துவிடும். தைராய்டு பிரச்சினை இருப்பவர்கள் கம்பைத் தினமும் மூன்று வேளையும் சாப்பிடுவது நல்லதில்லை, அந்தச் சுரப்பியின் வேலைக்கு இடையூறு செய்யும் பொருள் அதில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் இரண்டு நாள் கூழில் பயமில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாமை நல்ல அரிசி, பொங்கலுக்கும் தயிர்சோற்றுக்கும் இதற்கு இணை இல்லை; தீட்டாததும் சீக்கிரம் வேகும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்கலாம். வரகு புளியோதரைக்கு. தினை எனக்கு மாவாகத்தான் பிடிக்கும், தேனும் நெய்யும் விட்டுப் பிசைந்து. திருப்பரங்குன்றத்தானுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட்டால் இன்னும் பிடிக்கும். பனிவரகு ஒரே ஒரு கடையில்தான் கிடைத்தது, வாங்கினேன், பரவாயில்லை. வெள்ளைச் சோளத்தில் பணியாரம் அருமையாக வரும், இட்லி கொஞ்சம் வரவரவென்று இருக்கும். இட்லிக்கு நாலு பங்கு குதிரைவாலி, ஒரு பங்கு உளுந்து, வெந்தயம் ஒரு கரண்டி, இதுதான் எங்கள் வீட்டில் நிலைத்த கணக்கு.

சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட், குக்கீஸ். இவை பற்றி நல்லதாக எழுத எதுவும் இல்லை. பொருள் பட்டியலில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். நான் வாங்கிய 'தினை நூடுல்ஸ்' பாக்கெட்டில் முதலில் மைதா. பிஸ்கட்டில் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில், நாலாவதாகத்தான் கேப்பை. முகப்பில் கேப்பைக் கதிர் படம் பெரிசாக! 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிறுதானிய மாவுக்கு வரிச் சலுகை கொடுத்தபோது, எடையில் 70 சதவீதமாவது சிறுதானியம் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. அது பொடி மாவுக்கான வரம்புதான், நூடுல்சுக்கு இல்லை. ஆனால் கடையில் நிற்கும்போது எனக்கு அந்த 70 நல்ல அளவுகோலாக இருக்கிறது. சிறுதானியம் எத்தனை சதவீதம் என்று எழுதவே இல்லை என்றால் திரும்ப வைத்துவிடுகிறேன். 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நம் நாடு கேட்டுத்தான். அந்த ஆண்டிலிருந்துதான் இப்படிப் பாக்கெட்டுகள் அலமாரி முழுக்க நிறைந்தன. பேரையூர்க் காட்டில் குதிரைவாலி விதைக்கிறவருக்கு அந்த மைதா பிஸ்கட்டால் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தீட்டாத அரிசியாக நாம் கேட்டு வாங்கினால் அவர் விளைச்சல் கூடுதலாக விற்கும்.

தீட்டாத அரிசியில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், வண்டும் விழும். கடைக்காரர்கள் தீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மூட்டை மூட்டையாகக் கெட்டுப்போனால் யார் நஷ்டம் கொடுப்பது? அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் வெயிலில் காட்டி, ஆறியபின் காய்ந்த வேப்பிலையோ நாலைந்து வற்றல் மிளகாயோ போட்டு இறுக மூடி வைக்கிறேன். வாங்கும்போதே ஒரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புதுசு என்றால் காய்ந்த வைக்கோல் வாசம். பழசு என்றால் மூடி வைத்த எண்ணெய்ப் பாட்டில் வாசம். முகரவிடாத கடையில் எனக்கு வேலை இல்லை.

திடீரென்று மூன்று வேளையும் மாற்றாதீர்கள். என் வீட்டுக்காரர் முதல் வாரம் ஆர்வத்தில் அப்படிச் செய்து வயிறு உப்பிக் கஷ்டப்பட்டார். ஒரு வேளையில் தொடங்கி, தண்ணீர் கூடுதலாகக் குடித்து, பதினைந்து நாளில் சரியானது. மாசியில் மறுபடியும் ரத்தம் கொடுத்தோம், மூன்று மாதச் சராசரி 7.2. நடையும் சேர்ந்ததால் வந்தது. காலையில் நாலு தெரு சுற்றி வருகிறார்.

இந்த வருடம் மழை பிந்தியதால் பேரையூர்ப் பக்கம் அறுப்பும் பிந்திவிட்டதாம். புது அரிசி மாசிக் கடைசியில்தான் மில்லில் இருந்து வரும் என்று அண்ணாச்சி சொன்னார். தீட்டாமல், கல் நீக்கி, ஐந்து கிலோ எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மதினியும் மூன்று கிலோ சொல்லி வைத்திருக்கிறார்.